இடது தோள் இறங்கும் படகு: பழையாறு நாட்குறிப்பு

மே 6

கொள்ளிடம் முகத்துவாரத்தின் மணல்திட்டைத் தாண்டும்போது இன்றைக்கும் இடப்பக்கம் தண்ணீர் ஏறியது. 22 அடி பைபர் படகு, 40 குதிரைத்திறன் அவுட்போர்டு (பின்பலகையில் மாட்டும் எஞ்சின்). வேகம் எடுத்தால் இடது தோளை இறக்கிவிடுகிறது.

சித்தப்பா சொன்னபடி பெட்ரோல் கேன், நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் வலப்பக்கம் நகர்ந்தன. ஹேண்டில் பிடிக்க நான் உட்காருவதும் வலப்பக்கம்தான். நிற்கும்போது படகு வலது பக்கம் சாய்கிறது, ஓடும்போது இடது. பாரத்தால் வந்த சாய்வு என்றால் இப்படி மாறாது.

மே 8

மதியம் சோளகம், அதாவது தென்காற்று, எழும்பியதும் ஆற்றில் மேற்கே ஓட்டினோம். காற்று இடப்பக்கம், சாய்வு அதிகம். அடி கூராக இருக்கும் படகு காற்று வரும் பக்கமே சாயும். காற்று அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, தள்ளும், நாம் எதிர்த்துத் திருப்பிப் பிடிப்போம், அந்தத் திருப்பலில் படகு சரியும். திரும்பி வரும்போது காற்று வலப்பக்கம். சாய்வு குறைந்ததே தவிர பக்கம் மாறவில்லை. விடியற்காலை, காற்றே இல்லாத நேரத்திலும் அதே இடப்பக்கம்தான்.

அப்படியானால் ப்ரொப்பெல்லர். பின்னால் நின்று பார்த்தால் எங்களுடையது கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறது. அது தண்ணீரை ஒரு பக்கம் முறுக்க, படகு எதிர்ப்பக்கம், அதாவது இடப்பக்கம் முறுகுகிறது.

மே 11

எஞ்சின் அடியில், ப்ரொப்பெல்லருக்கு மேலே, ஒரு சின்னத் துடுப்பு இருக்கிறது. அதற்கு டிரிம் டேப் என்று பெயர். மெக்கானிக் ஒருவர் அதைத் திருப்பினால் சாய்வு போகும் என்றார். போகவில்லை. அது திசைக்கானது. படகு வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்முனையை வலப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினேன், ஹேண்டில் லேசானது, கை வலி குறைந்தது. அதுவரைக்கும் நல்லது. (எஞ்சினுக்குப் பதிலாக உப்பு அரிப்பைத் தாங்கிக்கொள்ளவும் அதே துடுப்புதான், அதனால் அதன் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. முன்பு இருந்தவர் அடித்திருந்தார், சுரண்டி எடுத்தேன்.)

மே 17

முழு வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,800 சுற்றுதான் தொடுகிறது. கையேட்டில் 5,000 முதல் 6,000 வரை. அதாவது 13 அங்குல பிட்ச் (ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) எங்கள் பாரத்துக்கு அதிகம். தெரிந்தவரிடம் 11 அங்குல ப்ரொப்பெல்லர் இரவல் வாங்கி மாட்டினேன். 5,200 வந்தது. படகு சீக்கிரம் மேலே எழும்புகிறது. அதே திறன் அதிகச் சுற்றில் கிடைத்தால் முறுக்கு விசை குறையும், அதனால் சாய்வும் குறையும். கணக்குப்படி 8 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான், கொஞ்சம். ஆனாலும் இந்த மாற்றத்தைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். எஞ்சின் திணறிக்கொண்டு ஓடும் படகில் சாய்வை நிமிர்த்தப் பின்பலகை அடியில் தகடு மாட்டுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் போர்வை போர்த்துவது போல.

மே 25

பட்டறையில் இரண்டு எவர்சில்வர் தகடு அடித்து வாங்கினேன், 12க்கு 9 அங்குலம். 316 ரகம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். 304 உப்புத் தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரித்துப்போகும். படகின் பின்பலகை அடியில் பக்கத்துக்கு ஒன்று, திருகி ஏற்றி இறக்கும் போல்ட்டோடு.

இறங்கிய தகட்டில் தண்ணீர் மோதி அந்தப் பக்கத்தைத் தூக்கும். ஆகவே இடப்பக்கம் சாய்கிற படகுக்கு இடது தகடு. இரண்டு சுற்று இறக்கியதும் நிமிர்ந்தது. சித்தப்பா இன்னும் இரண்டு சுற்று என்றார். வேண்டாம் சித்தப்பா என்றேன். தகடு மிஞ்சினால் அணியம் அழுந்தும். பின்னாலிருந்து அலை தள்ளும் முகத்துவாரத்தில் அணியம் தண்ணீரில் குத்தினால் படகு சட்டென்று திரும்பிவிடும், அந்த இடத்தில் கவிழ்வது அப்படித்தான்.

மாலையில் மணல்திட்டைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நுரை. சித்தப்பா எழுந்துபோய் ஐஸ் பெட்டியை நடுவுக்கு இழுத்து வைத்தார்.