சவுக்குக் கங்கில் சுட்ட உருளைக்கிழங்கு: தாழங்குடாவில் ஒரு ராத்திரி

மே மாதத்தில் கடலூர் பக்கம் போய், நல்ல மீனாக வாங்கித் தோப்பில் சுட்டுச் சாப்பிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் தடைக்காலத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கரை முழுக்க விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகில் கரையோரமாகப் போய் வருகிறவர்கள் கொண்டுவருவதுதான் மீன், அதுவும் விடிந்த கொஞ்ச நேரத்தில் கைமாறிவிடும். மீன் முட்டை போட்டுப் பெருகட்டும் என்று விடுகிற காலம், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. எங்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் சங்கராவும் கொஞ்சம் கிழங்கானும். எட்டுப் பேருக்கு அது எந்த மூலைக்கு? அன்றைக்கு எல்லாருக்கும் வயிறு நிறைந்தது உருளைக்கிழங்கால்தான். மீனுக்குத் தொட்டுக்கொள்ள என்று வாங்கிய கிழங்கு அது. இனி மீன் வண்டி வண்டியாகக் கிடைக்கிற மாதத்தில் போனாலும் நான் இதை விடப்போவதில்லை.

கிளம்பியது புதுச்சேரியிலிருந்து. காலையில் பெரிய மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டோம். அங்கே ரெண்டு விதக் கிழங்கு இருந்தது, ஒன்று கழுவினது போலப் பளபளவென்று இருக்கிற வடநாட்டுக் கிழங்கு, இன்னொன்று செம்மண் ஒட்டின ஊட்டிக் கிழங்கு. விலை கூடுதல்தான், ஆனாலும் ஊட்டிக் கிழங்கையே எடுத்தோம். சுடுவதற்குக் கிழங்கு வாங்கும்போது நான் பார்ப்பது, குளிர்கிடங்கில் ரொம்ப நாள் கிடந்ததா என்பதைத்தான். குளிரில் வைத்த கிழங்கில் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். அதைக் கங்கில் வைத்தால் உள்ளே வேகிறதற்கு முன்னாடியே வெளியே கறுத்துக் கசந்துபோகும். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்த கிழங்குக்கும் இதே கதிதான். பச்சை படிந்ததும் முளை விட்டதும் வேண்டவே வேண்டாம். கைக்குள் அடங்குகிற அளவில், எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமனாகப் பொறுக்கி ரெண்டு கிலோ வாங்கினோம்.

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், அப்புறம் ரெட்டிச்சாவடி வந்தால் தமிழ்நாடு. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் மஞ்சக்குப்பம், கடலூர் வந்துவிடும். மொத்தமே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். வெயில் தாழ்கிற வரைக்கும் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் சுற்றிவிட்டு, பக்கத்திலேயே புனித டேவிட் கோட்டையின் மிச்சத்தையும் பார்த்தோம். 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் மராட்டியரிடமிருந்து இதை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு நிலமும் தங்களுக்கு என்று பேசி வாங்கினார்களாம். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர். இன்றைக்கு அங்கே பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை, கதை தெரிந்துகொண்டு போனால் நிற்கலாம்.

சமையல் நடந்தது தாழங்குடா பக்கம், நண்பனின் சித்தப்பா தோப்பில். பொதுக் கடற்கரையில் அடுப்பு மூட்டுவது எனக்குப் பிடிக்காது, காற்றுக்குப் பொறி பறக்கும், பக்கத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். தோப்பு முழுக்கச் சவுக்கு. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' என்கிற புயல் கரையேறியபோது அங்கே ஒரு மரம்கூட நிற்கவில்லை என்றார் சித்தப்பா. முந்திரியும் பலாவும் வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம், அதெல்லாம் வருஷக்கணக்கில் வளர்ந்து காய்க்க வேண்டிய மரம், சவுக்கு நாலைந்து வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும் என்று அவர் கணக்குச் சொன்னார். இப்போது இருப்பது அப்புறம் வைத்து, வெட்டி, மறுபடியும் வைத்தது. போன வெட்டில் மிஞ்சிய கட்டைகள் நன்றாகக் காய்ந்து ஒரு மூலையில் அடுக்கியிருந்தன, எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

சவுக்குக் கட்டை கனமானது, இறுகினது. சீக்கிரம் பற்றிக்கொண்டு நின்று எரியும், கடைசியில் உடையாத நல்ல கங்காக விழும். கடல்காற்று வருகிற பக்கம் வாய் வைத்து முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, கட்டையை அடுக்கிக் கொளுத்தினோம். தீ நன்றாக எழும்பினதும் கிழங்கை வைத்துவிடலாம் என்று எல்லாருக்கும் கை துறுதுறுத்தது. சித்தப்பா விடவில்லை. "இன்னும் நேரம் ஆவும்பா, மேல வெள்ளையா பூக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. கொழுந்துவிட்டு எரிகிற தீயில் வைத்தால் கிழங்கில் ஏறுவது கரிதான், நாம் தேடுகிற புகை வாசனை வராது. முக்கால் மணி நேரம் போல ஆனது கட்டை முழுக்கக் கங்காகி நீறு பூக்க. கங்குக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைக் காட்டி அஞ்சு வரை எண்ண முடிந்தால் பதம் சரி, ரெண்டு எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அந்த நேரத்தில் கிழங்கைப் பக்கத்து அடுப்பில் அரை வேக்காடு வேகவைத்தோம். தோலோடுதான். மண் போகத் தேய்த்துக் கழுவி, குளிர்ந்த தண்ணீரிலேயே போட்டு, கல் உப்பு தாராளமாக, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், கூடவே நெல்லிக்காய் அளவு புளி. புளி எதுக்கு என்று கேட்டார்கள். புளிப்பு இருந்தால் கிழங்கு குழையாது, வெந்தாலும் ஓரம் உடையாமல் நிற்கும், கம்பி வலை மேல் புரட்டும்போது அது பெரிய உதவி. கொதி வந்து எட்டுப் பத்து நிமிஷத்தில் கத்தியால் குத்திப் பார்த்தால் வெளிப்பக்கம் இறங்கும், நடுவில் தடுக்கும். அங்கேயே நிறுத்தி வடித்து, பனையோலைப் பாயில் பரப்பி ஆவி போகவிட்டோம். இதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். மேலே தண்ணீர் நின்றால் கிழங்கு அவியும், சிவக்காது.

அப்புறம் ரெண்டாக வெட்டி, வெட்டின பக்கத்தைக் கத்தி முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மல்லாட்டை எண்ணெயும் (வேர்க்கடலை எண்ணெய்தான்) உப்பும் மட்டும் தடவினோம். மிளகாய்த்தூளும் பூண்டும் இப்போது கூடாது, ரெண்டுமே கங்குச் சூட்டில் சட்டென்று கருகிக் கசந்துவிடும்.

கங்கைக் குழியில் ஒரு பக்கமாகத் தள்ளி, மறுபக்கத்தைச் சும்மா விட்டு, மேலே வலை. வெட்டின பக்கம் கீழே இருக்கிற மாதிரி கங்குக்கு நேர் மேலே வைத்து, நாலைந்து நிமிஷம் தொடவே இல்லை. சிவந்தால் கிழங்கு தானாக வலையை விட்டு எழும்பும், ஒட்டிக்கொண்டு வரமறுத்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். திருப்பினபோது கீறல் வழியாக எண்ணெய் பொரிந்து, ஓரமெல்லாம் அதிரசத்தின் நிறத்தில் இருந்தது. எல்லாவற்றையும் கங்கில்லாத பக்கத்துக்கு நகர்த்தினோம். புகைக்கு இனிமேல்தான் வேலை.

காய்ந்த கொட்டாங்கச்சியைச் சின்னச் சின்னதாக உடைத்துக் கங்கின் மேல் ஒரு கைப்பிடி போட்டோம். முதலில் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கரிக்கிற புகை வரும், அது கசக்கிற புகை, போகவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்து லேசான நீலமாகும். அப்போது கிழங்கையும் கங்கையும் சேர்த்து ஒரு பெரிய மண்சட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டோம். மூடினால் காற்று குறைந்து தீ எழாது, கொட்டாங்கச்சி உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும், பத்து நிமிஷத்தில் கிழங்கின் நடுவும் வெந்துவிடும். சட்டியைத் தூக்கினபோது வந்த வாசனையில், மீனுக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

ஒன்று மறக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வட்டாரத்தில் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். கூட வந்த தம்பி ஒருத்தன், பண்ருட்டிக்காரன், முந்திரி ஓடு நன்றாகப் புகையுமே அண்ணே, அதைப் போடலாமா என்று கேட்டான். போடவே கூடாது. அந்த ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலில் பட்டாலே புண்ணாகும், பெயின்டும் வண்டி பிரேக்குக்கான பொருளும் செய்யத்தான் அதைப் பிழிந்து எடுக்கிறார்கள். அதன் புகை கண்ணுக்கும் ஆகாது, சாப்பிடுகிற பண்டத்துக்கும் ஆகாது. மாங்கட்டை, புளியங்கட்டை, கொட்டாங்கச்சி போதும். பெயின்ட் அடித்த பழைய பலகையும் வேண்டாம்.

தாளிப்புக்குத்தான் புதுச்சேரியிலிருந்து வடகம் கொண்டுபோயிருந்தேன். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து நாள்கணக்கில் வெயிலில் காயவைத்த உருண்டை. பிரெஞ்சு சமையல்காரர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிற சரக்கு இது. அரை உருண்டையை உதிர்த்து எண்ணெயில் பொரித்து, நசுக்கின பச்சைப்பூண்டும் மிளகாய்த்தூளும் அடுப்பை அணைத்தபிறகு அதில் போட்டு, சூடாக இருந்த கிழங்கின் மேல் ஊற்றிப் புரட்டினோம். மேலே எலுமிச்சை, கொத்தமல்லி. வடகத்தின் காரமும் புகையும் ஒன்றையொன்று அமுக்கவில்லை, மெல்லும்போது முதலில் மொறுமொறுப்பு, அடுத்து வெங்காய வாசனை, முழுங்கினபிறகு தொண்டையில் கொஞ்சம் புகை. என்னைக் கேட்டால் உருளைக்கிழங்குக்கு வடகத்தைவிடப் பொருத்தமான மசாலா எதுவும் கிடையாது. மல்லியும் சோம்பும் போட்ட கடை மசாலாக்கள் புகையை மூடிவிடுகின்றன.

வரிசையையும் சொல்லிவிட்டால் நீங்கள் தடுமாற வேண்டாம். கிழங்கை முதலில் முடித்துச் சட்டிக்குள் சூடாக வைத்துவிட்டு, மீனைக் கடைசியில் போடுங்கள். மீன் வெந்த கையோடு சாப்பிட வேண்டியது, கிழங்கு அரைமணி நேரம் காத்திருக்கும், புகையும் அதற்குள் இன்னும் ஊறும்.

கிளம்பும்போது கங்கை மணல் போட்டு மூடாதீர்கள். மேலே பார்க்க அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே மணிக்கணக்கில் சூடு நிற்கும், விடியக்காலையில் வெறுங்காலோடு வலை தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதில் கால் வைத்துவிடுவார்கள். நாங்கள் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, கட்டையால் கிளறி, மறுபடியும் ஊற்றி, சாம்பலில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தோம்.