இரவு 2 மணிக்கு யார் எழுந்திருப்பது?

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவரை வீட்டுக்கு அழைத்து வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைப் பட்டியல் இருக்கும், அடுத்து வரவேண்டிய தேதி இருக்கும். இரவு 2 மணிக்கு அவரை யார் புரட்டிப் படுக்க வைப்பது என்று எழுதியிருக்காது. வீட்டிலும் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை. மனைவியோ மகளோ மருமகளோ, ஏற்கெனவே சமையலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் தலையில் அந்த வேலையும் வந்து விழுகிறது. பிறகு வரும் படுக்கைப் புண், புரையேறிச் சளி கட்டுவது, கீழே விழுவது ஆகியவற்றில் பலவும் கவனிப்பவரின் தூக்கம் கெட்ட இடத்தில்தான் தொடங்குகின்றன. ஆகவே மாத்திரை அட்டவணையோடு ஆள் அட்டவணையையும் முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

புரட்டுவதிலிருந்தே தொடங்கலாம். தானாக அசைய முடியாதவரைப் பகலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்ற வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் உடல் பாரம் மொத்தமும் இடுப்பெலும்பின் மேல் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி, சுமார் 30 டிகிரி மட்டும் சாய்த்து வைத்தால் வாலெலும்பும் தப்பும், இடுப்பெலும்பும் தப்பும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு சிறு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி நிற்கும்படி பாருங்கள். வாலெலும்பைத் துடைத்துப் பார்க்கும் பலர் குதிகாலைக் கவனிப்பதே இல்லை. புண் அங்கேயும் வரும்.

காலையில் உடம்பு துடைக்கும்போது சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது புண்ணின் முதல் கட்டம். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் அறிய வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்திவிடுவது நல்லது என்று நினைக்கிறார்கள். நைந்திருக்கும் திசு அதனால் இன்னும் கிழியும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது சுற்றிலும் அழுத்தி நடுப்பகுதிக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கும். பவுடரைக் கொட்டினால் வியர்வையோடு கட்டியாகி உராயும். டயப்பர் நனைந்ததும் மாற்றி, ஈரத்தை ஒற்றி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஏர் பெட் வாங்குபவர்கள் அதன் மேல் ரப்பர் ஷீட், போர்வை, மடித்த துணி என்று அடுக்கிவிடுகிறார்கள். அத்தனையும் போட்டால் காற்று மாறி மாறி ஏறி இறங்குவது உடம்புக்கு எட்டாது. ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும். இடுப்புக்கு நேரே மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. ஏர் பெட் இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு சலுகை உண்டு: காலையில் பார்க்கும்போது தோல் சுத்தமாக இருந்தால், நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, இரவு இடைவெளியை 4 மணி நேரமாக நீட்டலாம். இரவு 10, 2, காலை 6. பத்தும் இரண்டும் ஒருவர், ஆறு மணி இன்னொருவர் என்று பிரித்துக்கொண்டால் இருவருக்குமே நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கக் கிடைக்கும். வீட்டில் இருக்கும் ஆண்கள் இந்தப் பட்டியலில் கட்டாயம் வர வேண்டும். "நாளைக்கு ஆபீஸ் இருக்கு" என்பது காரணமாகாது. மறுநாள் கவனிக்கும் பெண்ணுக்கும் வேலை இருக்கிறது.

சாப்பாட்டில் தண்ணீர்தான் பெரிய ஆபத்து. விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு நீர்த்த எதுவும் சட்டென்று மூச்சுக்குழாயில் இறங்கும். கெட்டியான கூழ் பதம் பெரும்பாலும் எளிது. எந்தப் பதம் சரி என்று டாக்டரோ விழுங்கும் பயிற்சி தருபவரோ சொல்லட்டும். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றே கீழே இறக்கச் சொல்லி, டீஸ்பூனில் ஊட்டுங்கள். விழுங்கியபின் குரல் கொழகொழவென்று ஒலித்தாலோ இருமினாலோ நிறுத்திவிடுங்கள். செயலிழந்த பக்கக் கன்னத்தில் சோறு தங்கிவிடும், விரலில் துணி சுற்றி எடுங்கள். முடித்தபின் அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள். மூக்குக் குழாய் உள்ளவருக்கும் இதே கணக்குதான்: தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும். மூக்கருகே குழாயில் போட்ட குறி நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாமல் நர்ஸை அழையுங்கள். வடிகட்டிய கஞ்சி ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துத் தானாக இறங்க விட வேண்டும். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விடாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது, மாற்று கேளுங்கள்.

தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டைத் தாங்கும் தசை தளர்ந்திருப்பதால் எலும்பு கிண்ணத்திலிருந்து இறங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் வலி. பழைய வேட்டியை அகலமாக மடித்து அவர் இடுப்பில் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாற்காலி அவருடைய நல்ல பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். சட்டை போடும்போது செயலிழந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். தாழ்வான கட்டிலில் குனிந்து குனிந்து டயப்பர் மாற்றியே இடுப்பு போனவர்கள் ஏராளம். உயரம் மாற்றக்கூடிய ஆஸ்பத்திரிக் கட்டில் பல ஊர்களில் மாத வாடகைக்குக் கிடைக்கிறது. மெத்தை செலவுக்கு முன் அதைப் பாருங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும், அவர் காரணமில்லாமல் விசும்பி அழுவார், அல்லது தட்டைத் தள்ளிவிட்டுக் கத்துவார். மூளையில் உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பகுதி அடிபட்டிருந்தால் அழுகை அவர் கையில் இல்லை. "ஏன் அழறீங்க?" என்று துருவாமல், பேச்சை வேறு பக்கம் திருப்பினால் பெரும்பாலும் அடங்கும். நாள் முழுவதும் யாரோடும் ஒட்டாமல் சாப்பாடு வெறுத்து வாரக்கணக்கில் கிடந்தால் அது வேறு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, மருந்துண்டு. டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

கவனிப்பவரிடமும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். படுத்தும் தூக்கம் வரவில்லையா? தன் பிபி மாத்திரையைத் தானே மறக்கிறாரா? நோயாளி மேல் கை ஓங்கும் அளவுக்கு எரிச்சல் வருகிறதா? இது கெட்ட மனதின் அடையாளம் அல்ல, ஓய்வே இல்லாத உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. மனநல உதவிக்கான அரசுத் தொலைபேசிச் சேவை டெலி மானஸ், எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். பார்க்க வரும் உறவினர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கி வந்து, "அப்பா எளைச்சுப் போயிட்டாரே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் கூசாமல் கேளுங்கள்: "அத்தை, ஞாயித்துக்கிழமை மத்தியானம் 2 மணியிலேர்ந்து 6 மணி வரைக்கும் நீங்க இருங்க. எப்படிப் புரட்டுறதுன்னு நான் காட்டித் தர்றேன்."