மொட்டை மாடியிலிருந்து குட்டைக்கரைக்கு: 40 மி.மீ. தொலைநோக்கியில் சூரியன்

ஐப்பசியில் வாங்கிய சின்ன ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கியில், மனசுக்குப் பிடித்த முதல் படம் தை மாதம்தான் கிடைத்தது. நடுவில் போன நாட்களெல்லாம் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனவை.

ஆசை பழையது. 2019 டிசம்பர் 26 அன்று வளைய கிரகணம் எங்கள் கோவை, ஈரோடு பக்கமே வந்து போனதே, அன்றைக்குப் பிடித்தது.

முகப்பு லென்ஸ் 40 மி.மீ., குவியத்தூரம் 400 மி.மீ. உள்ளே இருக்கும் எட்டலான் வடிகட்டி, 656.28 நானோமீட்டரில் இருக்கும் ஹைட்ரஜனின் சிவப்பை (இதுதான் ஹைட்ரஜன்-ஆல்ஃபா) மட்டும் விடுகிறது. குழாயில் உள்ள வளையத்தை மெல்லத் திருக வேண்டும். சற்றுத் தள்ளிப்போனால் வெறும் சிவப்புத் தட்டும் கரும்புள்ளிகளும்தான். சரியான இடத்தில் நின்றால் தட்டு முழுக்க உமித்தோல் படிந்ததுபோல் சொரசொரப்பு, கறுப்பு இழைகள், ஓரத்தில் சுடர்கள். வடிகட்டி இல்லாத சாதாரணத் தொலைநோக்கியில் சூரியனை ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது நான் கருவியை விட்டு நகர்வதே இல்லை.

கேமராவை மாட்டியபோது ஃபோகஸ் எட்டவில்லை. பிம்பத்தைப் பெரிதாக்கும் பார்லோ என்ற துணைக்கருவியின் லென்ஸை மட்டும் கழற்றி கேமராவின் மூக்கில் திருகினேன், எட்டியது. ஆனால் 3.7 மி.மீ. இருக்க வேண்டிய சூரிய பிம்பம் ஒன்றரை மடங்காகி, 5 மி.மீ. உயர சென்சாரில் அடங்காமல் போனது. அதனால் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டாக எடுத்து ஒட்டுகிறேன்.

திருப்பூர் வீட்டு மொட்டை மாடியில் முதலில் பத்துப் பதினைந்து தடவை எடுத்தேன். எல்லாப் படத்திலும் சூரியனின் விளிம்பு கொதிக்கிற பால் மாதிரி ததும்பியது. எட்டலானைத் திருகிப் பார்த்தேன், ஃபோகஸை மாற்றிப் பார்த்தேன். ஒரு நாள் பத்து மணிக்குத் தளத்தில் கை வைத்தபோதுதான் புரிந்தது. கான்கிரீட் சுட்டுக்கொண்டிருந்தது, அதிலிருந்து எழும் கானல் வழியாகத்தான் நான் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரிக்குள் ஒரு தீவில் கட்டியிருப்பதன் காரணமும் அப்போது உறைத்தது. தண்ணீர் சீக்கிரம் சூடாவதில்லை, அதன்மேல் நிற்கும் காற்றும் அலையாது.

எனக்கு ஏரி இல்லை. பொங்கலூர்ப் பக்கம் அம்முச்சி (அம்மாவின் அம்மா) தோட்டத்தில் பண்ணைக்குட்டை இருக்கிறது. பொங்கல் லீவுக்குப் போனபோது முக்காலியைக் குட்டையின் மேற்குக் கரையில், தண்ணீருக்கு மேலாகக் கிழக்கே பார்த்து நிறுத்தினேன். காலை எட்டு மணிக்கு லேப்டாப்பில் பார்த்த விளிம்பு, கத்தியில் அறுத்ததுபோல் நின்றது. ஒன்பதரைக்கெல்லாம் லேசாக ஆட ஆரம்பித்துவிட்டது. அந்த ஒன்றரை மணி நேரம்தான் நமக்கு.

தட்டுக்கு 4 மில்லி செகண்ட், ஓரச் சுடர்களுக்கு 40. இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் பிடிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் 2000 ஃபிரேம் வீடியோ எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருளில் நல்லதாகப் பத்து சதவீதத்தை மட்டும் அடுக்கினேன். குறுக்கே பட்டை பட்டையாக நியூட்டன் வளையங்கள் (ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் வரும் கோடுகள்) வந்தன. கேமராவைத் துளி சாய்த்ததும் பெரும்பாலும் போய்விட்டன. மிச்சத்துக்கு, முகப்பில் வெள்ளைப் பிளாஸ்டிக் பையைக் கட்டி ஃபிளாட் எடுத்தேன், அதாவது சூரியன் தெரியாமல் கறைகள் மட்டும் விழும் வெற்றுப் படம், அதை வைத்துக் கறைகளை நீக்கலாம். கைக்காசு செலவில்லாமல் இவ்வளவு பலன் தந்தது வேறெதுவும் இல்லை.

பொங்கல் அன்று மேற்கு ஓரத்துக்குச் சற்று உள்ளே ஒரு நீளமான கறுப்பு இழை. அம்முச்சி குனிந்து பார்த்து, “ஏங்கண்ணு, தட்டுல மசுரு ஒட்டியிருக்குது பாரு, தொடச்சுடு” என்றார்.

“அது அழுக்கில்லீங் அம்முச்சி, சூரியனுக்கு மேலே தொங்குற வாயு. பின்னால இருக்குற தட்டை விடச் சூடு கம்மி, அதனால கறுப்பாத் தெரியுது.”

மறுநாள் பட்டிப் பொங்கலன்று அது ஓரத்துக்கு இன்னும் கிட்டே நகர்ந்திருந்தது. சூரியன் நம் கண்ணுக்கு ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 27 நாள் ஆகிறது, நாளுக்கு 13 பாகைபோல நகரும். அதற்கடுத்த நாள், பூப்பறிக்கிற நோம்பியன்று காலை வேலி போட்டதுபோல் அதே இடத்தில் விளிம்புக்கு வெளியே ஒளிர்ந்து நின்றது. பின்னால் இப்போது கறுத்த வானம் மட்டும்தானே. என் லென்ஸால் பிரித்துக்காட்ட முடிகிற மிகச் சிறிய அளவே சூரியனில் ஏறத்தாழ 3000 கி.மீ., ஆனாலும் அந்த வேலியில் தனித்தனிக் கால்கள் தெரிந்தன.

அம்முச்சியைக் கூப்பிட்டேன். கண்ணை எடுக்காமல் நெடுநேரம் பார்த்துவிட்டு, “முந்தாநேத்துக் கறுப்பாக் கெடந்தது இதுதானா சாமி?” என்று கேட்டார்.

மூன்று நாள் படங்களையும் வரிசையாக வைத்திருக்கிறேன். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் வெளிச்சம் இன்னும் ஒத்துவரவில்லை, இந்த வாரம் அதைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்குவதற்குள் இன்னும் சில காலைகளாவது குட்டைக்கரையில் உட்கார வேண்டும்.