பிட்டு இல்லாமல் வந்த சேலை

"வாடிக்கையாளர் ப்ளவுஸ் பிட்டை வெட்டி எடுத்துக்கொண்டு சேலையை மட்டும் ரிட்டர்ன் செய்திருக்கிறார்." ஆன்லைன் விற்பனைத் தளத்திடம் நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட க்ளெய்மின் குறிப்புப் பெட்டியில் இந்த வரியை எழுதிய மறுநாள் பணம் பாஸ் ஆனது. அதற்கு முன் இரண்டு தடவை "அளந்ததில் சேலை 0.8 மீட்டர் குறைகிறது" என்று எழுதினேன். இரண்டும் திரும்பின. சேலை அதேதான், வீடியோவும் அதேதான். மாறியது வரியும், கூடச் சேர்த்த ஒரு படமும் மட்டும்.

அந்த வரியை இன்னும் மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

சேலை சேலம் பக்கத்து இளம்பிள்ளைச் சரக்கு, விசைத்தறி, விலை 699. வீட்டு முன்னறையில் வைத்து விற்கும் அக்கா ஒருவருடைய கணக்கு. பட்டியல் போடுவது, விலை மாற்றுவது, லேபிள் எடுப்பது, ரிட்டர்ன் வந்தால் க்ளெய்ம் போடுவது எல்லாம், இவரைப் போன்ற விற்பனையாளர்களுக்காக, எங்கள் ஆபீசின் வேலை. அன்று காலை போனில் நடந்த பேச்சு வார்த்தை மாறாமல் நினைவில் இருக்கிறது.

"தம்பி, பிட்டைக் காணோம். சேலைய மட்டும் மடிச்சு அனுப்பியிருக்காங்க."

"வீடியோ எடுத்தீங்களாக்கா?"

"எடுத்தேன். நீங்க சொன்ன மாதிரி லேபிள்லேருந்துதான் எடுத்தேன்."

"என்ன காரணம் போட்டிருக்காங்க?"

"தரம் சரியில்லையாம். நான் என்ன போடட்டும்? மாறிய பொருள்னு போட்டா உடனே காசு வந்துடுதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க."

"அது வேண்டாங்க்கா. பொருள் மாறலையே. பாகம் குறைவுன்னு போடலாம்."

இப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பொய்க் காரணம் போட விடவில்லை என்ற பெருமை. கடைசியில் நான் எழுதிய வரியோடு ஒப்பிட்டால் 'மாறிய பொருள்' எவ்வளவோ சாதுவான பொய். அது பொருளைப் பற்றிய பொய். என்னுடையது ஓர் ஆளைப் பற்றியது.

இதற்குப் போய் மூன்று தடவை மல்லுக்கட்ட வேண்டுமா என்று கேட்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 699-இல் 5% ஜிஎஸ்டி போனால் 665 ரூபாய் 71 காசு. கமிஷன், ஃபிக்ஸட் ஃபீ, போகிற கூரியர் மூன்றும் சேர்ந்து 150. தறிக்காரருக்கு வரி நீங்கலாக 430. கவர், லேபிள், டேப் 12. மிஞ்சுவது 73 ரூபாய் சொச்சம். (ஃபீஸ் மேல் விழும் 18% ஜிஎஸ்டியை இதில் சேர்க்கவில்லை.) வாங்கியவர் திருப்பி அனுப்பினால் அந்த 150 வரவில் திரும்பும், ஆனால் வருகிற கூரியர் 125 விற்பவர் தலையில் ஏறும். பேக்கிங் 12 போனது போனதுதான். ஆக 137. சேலை பழுதில்லாமல் வந்தாலே இன்னும் இரண்டு சேலை விற்றால்தான் ஈடாகும். பிட்டு இல்லாமல் வந்தால் அதே பட்டியலில் மறுபடி ஏற்ற முடியாது; உள்ளூரில் 'வித்தவுட் ப்ளவுஸ்' என்று 350-க்குத் தள்ளலாம். அப்போது நஷ்டம் 217, அதாவது மூன்று சேலையின் லாபம். தள்ளவே முடியாவிட்டால் 567, எட்டு சேலை. கதவு வரை போய் வாங்காமல் திரும்பும் ஆர்டிஓ இவ்வளவு கடிக்காது. இந்தத் தளத்தில் அதற்கு வருகிற கூரியர் பிடிப்பதில்லை, கவரும் பெரும்பாலும் பிரிபடாமலே வரும். கடிப்பது வாங்கிப் பிரித்து அனுப்பும் ரிட்டர்ன்தான்.

ரிட்டர்ன் வந்து சேரும் விதத்திலேயே பாதித் தோல்வி இருக்கிறது. கூரியர் பையன் 14 பாக்கெட்டை ஒரே சாக்கில் கொண்டுவந்து இறக்குவார். 14-க்கும் சேர்த்து ஒரே ஓடிபி. பிரித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றால் அவருக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி. ஓடிபி சொன்ன நொடியில் 'நல்லபடியாகப் பெற்றுக்கொண்டார்' என்று பதிவாகும். க்ளெய்முக்கான 7 நாளும் அப்போதே ஓடத் தொடங்கும். வாங்கியவர் வீட்டிலிருந்து எடுத்து வருகிறவரும் நிறம் பார்ப்பார், டேக் இருக்கிறதா பார்ப்பார். நடு வாசலில் நின்று ஆறே கால் மீட்டரை அளக்கப் போவதில்லை.

வீடியோ எப்படி எடுக்க வேண்டும் என்று அக்காவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். பிரிக்காத கவரின் ஆறு பக்கமும் காட்டணும், டிராக்கிங் எண் படிக்கிற மாதிரி இருக்கணும், கத்தரி வைப்பது தெரியணும், நடுவில் நிறுத்தக் கூடாது, பொருள் திரையை விட்டு வெளியே போகக் கூடாது. எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார். தரையில் டேப்பை விரித்து அளந்து 5.5 என்ற எண்ணையும் காட்டியிருந்தார். பிட்டோடு சேர்த்து 6.3 இருக்க வேண்டிய சேலை.

முதல் க்ளெய்முக்குப் பதில்: குறைந்த பாகத்தின் படம் இணைக்கப்படவில்லை. இல்லாததை எப்படிப் படம் எடுப்பது என்று ஆபீசில் சிரித்தோம். இரண்டாவதற்குப் பதில்: விளக்கம் போதுமானதல்ல. ஒரு தடவைதான் இன்னும் திறக்க முடியும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அப்போதுதான் கத்தரி பட்ட ஓரத்தை மட்டும் அருகில் எடுக்கச் சொல்லி, அந்தப் படத்தைச் சேர்த்து, அந்த வரியை எழுதினேன். எதிர்ப்பக்கம் படிக்கிறவருக்கு ஒரு க்ளெய்முக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறதோ தெரியாது. 'குறைகிறது' என்றால் யார் தப்பு என்று அவர் யோசிக்க வேண்டும். 'வெட்டி எடுத்துக்கொண்டு' என்றால் யோசனை முடிந்துவிட்டது. இது தெரிந்துதான் எழுதினேன். அந்த நேரத்தில் அதை நம்பவும் செய்தேன். பிட்டை வெட்டிக்கொண்டு சேலையைத் திருப்பும் பழக்கம் இந்தத் தொழிலில் கேள்விப்படாதது அல்லவே.

மூன்று வாரம் கழித்து வேறு ஆர்டருக்குச் சேலை எடுக்கும்போது அக்கா போன் செய்தார். அதே லாட், அதே டிசைன், ஷெல்ஃபில் மடிப்புக் கலையாமல் இருந்த ஒன்று. அதுவும் 5.5.

தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், தொடர்ச்சியாக ஓடும். முந்தி, உடல், பிட்டு, அடுத்த சேலையின் முந்தி என்று வரிசையாக நெய்துகொண்டே போகும். சேலைக்கும் சேலைக்கும் நடுவே ஒரு வெட்டுக்கோடு. உடலுக்கும் பிட்டுக்கும் நடுவிலும் ஒரு கோடு இருக்கும், தைப்பவருக்காக. இறக்கிய பிறகு வெட்டுகிறவர் அசந்து உள்கோட்டில் கத்தரி வைத்துவிட்டால் ஒரு சேலை பிட்டில்லாமல் போகும். அந்தப் பிட்டு அடுத்த சேலையின் முந்திக்கு முன்னால் வாலாக ஒட்டிக்கொள்ளும். ஆக ஒன்று 5.5, ஒன்று 7.1. குறைவாகப் போனவர் புகார் செய்வார். கூடுதலாகப் போனவர் ஏன் திருப்பி அனுப்பப் போகிறார்?

அப்படியானால் நான் படம் எடுக்கச் சொன்ன 'கத்தரி பட்ட ஓரம்' எதைக் காட்டியது? தறியிலிருந்து வரும் எந்தச் சேலைக்கும் இரண்டு முனையும் கத்தரி பட்டதுதான். அது அன்றைக்கும் எனக்குத் தெரியும். தெரிந்த விஷயம் தேவைப்படும் நேரத்தில் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்பதுதான் புரியவில்லை.

பிறகு ரிட்டர்ன் ஷீட்டைத் தரவிறக்கிப் பார்த்தேன். திரையில் தெரிவது காரணம் மட்டும். வாங்கியவர் கைப்பட எழுதும் குறிப்பு ஷீட்டின் வலது கோடியில், நகர்த்திக்கொண்டே போனால்தான் வரும் பத்தியில் இருக்கும். அதில் 'ப்ளவுஸ் இல்ல' என்று இரண்டே சொல்.

வெட்டி எடுத்தவரும் அதைத்தான் எழுதுவார் என்று ஆபீசில் சொன்னார்கள். உண்மைதான். தோள் மடிப்பில் ஊக்கு குத்திய தடம் இல்லை, ஃபால்ஸ் தைத்துப் பிரித்த துளை இல்லை, சென்ட் வாசம் இல்லை. ஆனால் பிட்டுக்காக மட்டும் வாங்குகிறவர் சேலையை ஏன் உடுத்திப் பார்க்கப் போகிறார்? எந்தப் பக்கம் திருப்பினாலும் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பதில் இருக்கிறது.

தீர்த்திருக்கக் கூடிய ஒரே சாட்சி எடை. அந்தச் சேலை 420 கிராம், கவரோடு 445. 0.8 மீட்டர் துணி ஏறக்குறைய 53 கிராம். பிட்டில்லாமல் போயிருந்தால் 392 கிராமாகப் போயிருக்கும். போகும்போது தராசில் வைத்து எண்ணைக் குறித்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும், வெட்டியது வீட்டிலா தறியிலா என்று. 445, 392 இரண்டும் 500 கிராம் வரையிலான கட்டண ஸ்லாபுக்குள் அடங்குவதால் கூரியர் கட்டணச் சீட்டில் ஒரே எண்தான். ஸ்லாப் தாண்டினால்தான் அவர்கள் எடையைக் காட்டுவார்கள், அதுவும் கூடுதல் பணம் பிடிப்பதற்கு.

இப்போது அக்கா வீட்டில் 600 ரூபாய்த் தராசு ஒன்று பேக்கிங் மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டையும் லேபிள் தெரிய அதன்மேல் வைத்து ஒரு போட்டோ. டேக்கையும் இடம் மாற்றினோம். முன்பு முந்திப் பக்கம் குத்துவோம், அதுதான் படத்துக்கு அழகு. ஆனால் பிட்டு இருப்பது மறுமுனையில். இப்போது பிட்டின் ஓரத்தையும் அதற்கு அடுத்த மடிப்பையும் சேர்த்துக் குத்துகிறோம். டேக் அறுந்தால் ரிட்டர்ன் கிடையாது என்று பட்டியலிலேயே போட்டாயிற்று. தறிக்காரரிடம் இருந்து லாட் வந்ததும் எல்லாவற்றையும் அளப்பது நடக்காத காரியம். எடை போட்டு 20 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருப்பதை மட்டும் தனியே எடுத்து அளந்தால் போதும். 60 சேலைக்குக் கால் மணி நேரம். இதையெல்லாம் மற்ற விற்பனையாளர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போது குரலில் ஒரு தெளிவு வந்துவிடுகிறது, ஏதோ அந்தச் சம்பவத்திலிருந்து நான் பாடம் படித்து முடித்துவிட்டவன் போல.

மீதி இருந்த 35 சேலையையும் எடை போட்டோம். 34 சரி, அந்த ஒன்று மட்டும் குறைவு. நீளமானது ஒன்றுகூட இல்லை. அது விற்றுப்போன 24-இல் எங்கேயோ இருக்கலாம். அப்படியே இருந்தாலும் அது ஷெல்ஃபில் இருந்த சேலைக்குத்தான் ஜோடி. திரும்பி வந்த சேலைக்கு ஜோடி உண்டா என்பது தனிக் கேள்வி. ஒரு சேலை தறியில் தப்பாக வெட்டப்பட்டதால் இன்னொன்றும் அப்படித்தான் என்று ஆகிவிடுமா? ஆகாது. இதைச் சொல்லித்தான் இரவில் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

சட்டப்படி பார்த்தால் விஷயம் இன்னும் சங்கடம். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 'மனம் மாறிவிட்டது' என்பதற்காகத் திரும்ப வாங்கச் சொல்லவில்லை. அது தளங்கள் தாமாக வைத்துக்கொண்ட சலுகை, செலவு மட்டும் விற்பவருக்கு. ஆனால் பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. 'பிட்டுடன்' என்று போட்டு 5.5 மீட்டர் அனுப்பியிருந்தால் அந்த ரிட்டர்ன் வாங்கியவரின் உரிமை. 217 ரூபாய் எங்கள் நஷ்டம், அல்லது தறிக்காரரிடம் கேட்க வேண்டியது. தளத்திடம் வாங்கியது எந்தக் கணக்கிலும் சேராது.

கணக்கு என்றதும் இன்னொன்று. மாத முடிவில் ஆடிட்டர் கேட்டார், "இது என்ன வரவு?" ரிட்டர்னுக்குக் கிரெடிட் நோட் போட்டாயிற்று, அந்த விற்பனையே கழிந்துவிட்டது, தளம் பிடித்துக் கட்டும் டிசிஎஸ் வரிகூட நிகர விற்பனைக்குத்தான் 0.5% பிடித்திருக்கிறார்கள். விற்பனை இல்லாமல் பணம் எப்படி என்பதுதான் அவர் கேள்வி. நஷ்ட ஈடு என்றேன். "எதுக்கு?" என்று அவர் கேட்டது கணக்கில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்பதற்காகத்தான்.

பாஸ் ஆன க்ளெய்மைத் திரும்பப் பெற எந்தப் பொத்தானும் இல்லை. தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எதுக்குத் தம்பி? போன மாசம் அவங்க தொலைச்ச ரெண்டு பாக்கெட்டுக்கு இன்னும் காசு வரலை. அதுல கழிச்சுக்கலாம்," என்றார். நியாயமாகத்தான் பட்டது. அவர் வருமானத்தில் என் நிம்மதியை வாங்க எனக்கு என்ன உரிமை? ஆனால் அந்த இரண்டு பாக்கெட்டைத் தொலைத்தது வாங்கிய பெண் அல்லவே. 'வெட்டி எடுத்துக்கொண்டு' என்று யாரோ ஒருவர் பெயருக்கு எதிரே பதிவான அந்த வரியைத் தளம் என்ன செய்யும்? அடுத்த தடவை அவர் எதையாவது திருப்பினால் பணம் தாமதிக்குமா, ரிட்டர்ன் வசதியே போய்விடுமா? ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். விற்பவர் பக்கத்துத் திரையில் அது தெரிவதில்லை.

ஆபீசில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு ஷீட் உண்டு, எந்தக் காரணத்துக்கு எந்த வரி பாஸ் ஆகிறது என்று. என் வரி 'பாகம் குறைவு, சேலை' என்ற கட்டத்தில் ஏறி, பலரும் நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அதை அழித்து 'அனுப்பிய எடை இவ்வளவு, வந்த எடை இவ்வளவு' என்று மாற்றினேன். அந்த வாரம் எடைப் படத்தோடு போன இரண்டு க்ளெய்ம் திரும்பின, விளக்கம் போதாது என்று. இரண்டும் வேறொரு விற்பனையாளருடையவை, வட்டிக்கு வாங்கிச் சரக்குப் போடுகிறவர். மூன்றாவது முறை திறக்கும் நாளில் கட்டத்தில் பழைய வரி திரும்ப இருந்தது. மாற்றியது நான்தான். எடைகளை அதன் கீழே சேர்த்திருக்கிறேன்.