ஒன்பது மாத்திரைகள்

அப்பாவின் மேசை டிராயரில் மூக்குக்கண்ணாடி தேடப்போய், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை அட்டை ஒன்று கையில் அகப்பட்டது. பத்தில் ஒன்றுதான் பிரித்திருந்தது. மீதி ஒன்பதும் வெள்ளித்தாள் கசங்காமல் அப்படியே.

"ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு?" என்றார் அப்பா. இரண்டு வருடம் முன் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்.

அப்பா, நார்மல் ஆனதே இந்த மாத்திரையால்தான்.

"கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்க்கு மாறிட்டோமேடா" என்றார் அம்மா. பாக்கெட்டில் சிவப்பு இதயம் வேறு. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, பாட்டி காலத்துச் செக்கு எண்ணெயிலும்தான்.

உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது, முக்கியமாகக் கல்லீரல். அந்தத் தயாரிப்பைக் குறைப்பதுதான் அப்பாவுக்குக் கொடுத்த ஸ்டாட்டின் வகை மாத்திரை. நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும்.

1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி சுமார் 6,000 பூஞ்சைகளைச் சலித்துத் தேடி முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். அந்த உழைப்பின் பலன் டிராயரில் கிடக்கிறது என்று நினைத்தபோது மனசு கேட்கவில்லை.

கடைசியில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "அந்த மாத்திரை போட்டா கால் குடையுதுப்பா."

இதை அன்றைக்கே டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். அளவைக் குறைப்பார், வேறு மாத்திரை தருவார்.

சாயங்காலம் போகிறோம். அட்டையையும் எடுத்து வைத்திருக்கிறேன்.