‘மூத்தோர் கற்பித்தார்கள்’ என்று எழுதி மதிப்பெண் இழக்காதீர்கள்

காலனி ஆட்சிக்கு முந்தைய மரபுச் சமூகங்களில் குடிமைக் கல்வி, அதாவது பொதுவாழ்வில் பொறுப்போடு பங்கேற்கக் கற்பது, எப்படி நடந்தது? முதல் பருவத் தேர்வில் இந்தக் கேள்விக்கு ஆறு பக்கம் எழுதினேன். கதை, பழமொழி, சடங்கு, மூத்தோர் சொல் என எதையும் விடவில்லை. 15க்கு 5 வந்தது. விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: “எந்தச் சமூகம்? யார், எந்த வயதில், எதைக் கற்றார்கள்?”

அந்த வரிதான் என் படிப்பு முறையை மாற்றியது. பத்துச் சமூகங்களை மேலோட்டமாகப் படிப்பதை விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் ஆழமாக எடுத்துக்கொண்டேன். எத்தியோப்பியாவிலும் கென்யாவின் வடக்கிலும் வாழும் ஒரோமோ மக்களின் ‘கடா’ முறை அது.

அதில் ஆண்கள் வயதோடு படிநிலைகளாக மேலேறுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் சட்டம், வரலாறு, சடங்கு, பொறுப்பு என்று கற்றுக்கொண்டே போகிறார்கள். ஆட்சி 8 ஆண்டுக்கு ஒருமுறை அடுத்த குழுவுக்குக் கைமாறும். தந்தையின் குழு ஆட்சிக்கு வந்து 40 ஆண்டு கழித்துத்தான் மகனின் குழு வரும். அதாவது, ஆளத் தொடங்குமுன் பல ஆண்டுகள் பயிற்சி! தலைவரின் பெயர் ‘அப்பா கடா’. ஒரோமோ மொழியிலும் அப்பா என்றால் தந்தைதான், அதனால் எனக்கு அது மறக்கவே இல்லை. ஒரோமோக்களில் ஒரு பிரிவான போரானா மக்களின் ‘குமி காயோ’ பேரவையும் 8 ஆண்டுக்கு ஒருமுறை கூடிச் சட்டங்களை மறுஆய்வு செய்கிறது. குடிமைக் கல்விக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. 2016ல் யுனெஸ்கோவும் கடா முறையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இங்கேயே நிறுத்திவிட்டால் விடை வெறும் புகழ்ச்சியாகிவிடும். இந்தப் படிநிலைகளில் பெண்களுக்கு இடமில்லை. ஆனால் திருமணத்தின்போது பெண் பெறும் ‘சிங்கே’ கோல் அவளது உரிமையின் அடையாளம். அதை ஏந்திப் பெண்கள் திரண்டு நியாயம் கேட்பார்கள். இந்த இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

அப்புறம், ஒப்பிட ஒரு சமூகம் போதும். நைஜீரியாவில் வாழும் இக்போ மக்களின் பல ஊர்களில் அரசன் இல்லை; வயதுக் குழுக்களே பாதை செப்பனிடுவது போன்ற பொதுவேலைகளைச் செய்தன. இதற்கு நான்கு வரி போதும்.

அடுத்த தேர்வில் எழுதத் தொடங்குமுன், விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் “யார், எந்த வயதில், எதை” என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன். மூன்று பக்கம்தான் எழுதினேன். 12 வந்தது.