எம்பாமிங் கேட்டு வருகிறவர்கள்: நவம்பர் நாட்குறிப்பு

2 நவம்பர் 2024, சனி

கல்லறைத் திருநாளன்று காலையிலேயே எங்கள் உடற்கூறியல் துறைக்கு அழைப்பு வந்துவிட்டது. இன்று அதிகாலை காலமான பெரியவரின் மகள் கனடாவிலிருந்து செவ்வாய் இரவுதான் வந்து சேர முடியும் என்பதால், அதுவரை உடலை வீட்டில் வைத்திருக்க எம்பாமிங், அதாவது கெடாதபடி மருந்தேற்றிப் பதப்படுத்துவது, செய்து தருமாறு குடும்பத்தார் கேட்டார்கள். இறப்புச் சான்றிதழைச் சரிபார்த்தபின், தொடைத் தமனியைத் திறந்து, ஃபார்மலினும் ஸ்பிரிட்டும் கிளிசரினும் நீரும் கலந்த கரைசலைச் சுமார் 10 லிட்டர் அளவுக்கு மெல்லச் செலுத்தினோம். ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுவதால், திசுக்கள் பாக்டீரியாக்களுக்கு எளிதில் இரையாவதில்லை. கிளிசரின் குறைந்தால் தோல் வறண்டு முகம் மாறிப்போகும். மகள் பார்ப்பதற்காகச் செய்கிற வேலையில் அது பெருங்குறை.

வெளியே காத்திருந்த வயதான அம்மா ஒருவர், "டாக்டர் தம்பி, மருந்து ஏத்தின உடம்பு கடைசி நாள்ல உயிர்த்தெழுமா?" என்று கேட்டார். தகனத்தையே 1963 முதல் திருச்சபை அனுமதித்திருக்கும்போது ஃபார்மலினுக்கு என்ன தடை இருக்கப்போகிறது என்றேன். அவருக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கத்தோலிக்கக் குடும்பம்தான், ஆயினும் 'சனிப் பிணம் தனிப் போகாது' என்று ஒரு பெரியவர் கோழி வாங்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

7 நவம்பர், வியாழன்

அந்தப் பெரியவரின் அடக்கம் நேற்று முடிந்தது. மனைவியைப் புதைத்த குடும்பக் கல்லறையையே திறந்து, அவருடைய எலும்புகளை ஓரமாக ஒதுக்கிவைத்து இவரை இறக்கினார்கள். மருந்து ஏற்றிய உடல் மண்ணோடு மண்ணாக நாளாகிறது, அடுத்த ஆளுக்குக் குழியைத் திறந்தால் வேலை கெட்டுவிடுகிறது என்று குழி வெட்டுகிறவர் குறைப்பட்டுக்கொண்டார். அவர் சொல்வது சரிதான். நாங்கள் வாங்கித் தருகிற நாட்களுக்கான விலையை அவர்தான் கொடுக்கிறார். இட நெருக்கடிக்குத் தகனம் ஒரு வழி. ஆனால் சாம்பலைத் தூவவோ பங்கிடவோ வீட்டில் வைத்துக்கொள்ளவோ கூடாது, புனித இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று 2016-இல் வத்திக்கான் அறிவுறுத்தியிருப்பதால், அதற்கும் ஓர் இடம் தேடத்தான் வேண்டும்.

12 நவம்பர், செவ்வாய்

வளைகுடாவில் உறவினரை இழந்த பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் ஆலோசனை கேட்டார். உடலை விமானத்தில் கொண்டுவர இறப்புச் சான்றிதழும், இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்றும், எம்பாமிங் சான்றிதழும் தேவைப்படும். அவர்கள் முஸ்லிம் குடும்பத்தார். மையித்தை (இறந்தவர் உடலை) குளிப்பாட்டி, கஃபன் துணியிட்டு, ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை தொழுது, காலம் தாழ்த்தாமல் அடக்குவதே மார்க்கம் என்பதால், அங்கேயே அடக்கம் செய்ய ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்தார் சொல்கிறார்கள். தாயாரோ ஒருமுறை முகம் பார்க்க வேண்டும் என்கிறார். மருத்துவனாக நான் சொல்லக்கூடியது எதுவும் அதில் இல்லை.

22 நவம்பர், வெள்ளி

பழைய கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் நேற்று முதல் பொதுமக்கள் வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடப்பது என்பதால், டிசம்பர் 3 அன்று நிறைவுறும் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவையும் விட்டுவிட்டு இங்கிருந்து பலர் கிளம்புகிறார்கள். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய அவர் 1552-இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார். எலும்புகளை எடுத்துச்செல்ல வசதியாகச் சதை விரைவில் கரையட்டும் என்று பெட்டியில் சுண்ணாம்பைக் கொட்டிப் புதைத்தார்கள். சில மாதங்கள் கழித்துத் தோண்டியபோது உடல் கெடாமல் இருந்தது. மலாக்கா வழியாக 1554-இல் கோவாவுக்கு வந்தது.

எம்பாமிங் செய்யப்படாத உடல் அது. சுண்ணாம்பு சதையைத் தின்றுவிடும் என்பது பரவலான எண்ணம். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சி, நுண்ணுயிர்கள் வளர முடியாத காரத்தன்மையை உண்டாக்குவதால், அழுகலைத் தாமதப்படுத்தவும் கூடும். இதை மாணவர்களிடம் சொன்னபோது, அற்புதத்தை மறுக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். மறுக்கவில்லை; சுண்ணாம்பைக் கொட்டியவர்கள் எதிர்பார்த்தது நடக்காததற்கு வேதியியலிலும் காரணம் உண்டு என்று மட்டும் சொன்னேன். எனக்கு வியப்பளிப்பது அதற்குப் பின் நடந்தது. அழியாத உடல் என்று போற்றியவர்களே 1614-இல் வலக்கையின் முன்பகுதியை வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள். அது இன்றும் அங்கே இயேசு சபையின் தாய்க்கோவிலில் இருக்கிறது.